வலப்பக்கம் ஆய்வில் உள்ளது

முப்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் 'அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று சொல்லுகிற இடம் பள்ளிக்கூடமாக இருக்க முடியாது. அது திருகுவெளி உயர் ஆய்வு நிறுவனம். வாயால் சொன்னாலாவது போகிறது என்று விடலாம். முத்திரை குத்தி, மூன்று கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அல்லவா அனுப்பியிருந்தார்கள்! 'ஐந்தாம் அத்தியாயம் தொடர்பான ஒழுங்கு விசாரணைக்கு, ஆய்வாளரின் தந்தை அல்லது பாதுகாவலர் தக்க அடையாளச் சான்றுடன் ஆஜராக வேண்டியது. அத்தியாயம் நீக்கப்படாவிடில் ஆய்வாளரின் பதிவு ரத்தாகும்.'

தையற்காரர் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு வெட்டுமேசையின் மேல் வைத்தார். கோட்டுத் தைப்பதில் அந்த வட்டாரத்திலேயே பெயர் எடுத்தவர். முப்பத்தைந்து வருடத்தில் அவரை யாரும் விசாரணைக்குக் கூப்பிட்டதில்லை.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கே தலையில நரைமுடி எட்டிப் பாக்குது. இன்னும் அப்பாவைக் கூட்டிட்டு வரணுமாம்! என்னடி பண்ணினே? பக்கத்து சீட்டுப் பொண்ணோட பென்சிலைத் திருடிட்டியா?"

"பென்சில் இல்லம்மா. இயக்குநரோட தேற்றம் தப்புன்னு எழுதிட்டேன்" என்றாள் மகள்.

"தப்பு இல்லையா அது?" என்று கேட்டார் அப்பா.

"தப்புதான்ப்பா. நல்லாப் பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அதான் பிரச்சினையே."

ஒன்பது வருட உழைப்பு அது. அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது கூட்டல் கழித்தல் போடுகிறார்கள். இவள் இன்னும் 'ஆய்வு மாணவி'. பட்டம் கிடைத்தால் வேறு ஊரில் ஒரு வாத்தியார் வேலை காத்திருந்தது. பதிவு ரத்தானால் ஒன்பது வருடமும் குப்பை. விஷயம் இவ்வளவுதான்.

அப்பாவுக்குப் புரியும்படி மகள் வெட்டுமேசையிலேயே விளக்கினாள். "நாம இருக்கிற இந்த இடமும் நேரமும்தான் அடிப்படைன்னு நினைக்கிறோம் இல்லப்பா? இந்தக் கொள்கை அப்படிச் சொல்லல. இதுக்குப் பின்னாடி இன்னொரு வெளி இருக்கு. திருகுவெளின்னு பேரு. நிஜப் பகுதி, கற்பனைப் பகுதின்னு ரெண்டு இருக்கிற சிக்கலெண்களால ஆன வெளி. இங்க நீளமா ஓடுற ஒரு ஒளிக்கதிர், அங்க வெறும் ஒரு புள்ளி. இங்க இருக்கிற ஒரு புள்ளி, அங்க ஒரு முழு உருண்டை. அந்த வெளியைத் துண்டு துண்டா வெட்டி, கொஞ்சம் இழுத்துத் திரும்ப ஒட்டினா, இங்க இடமும் நேரமும் வளையும். ஈர்ப்பு வரும்."

"தையல் படிவம் மாதிரின்னு சொல்லு. தட்டையா காகிதத்துல வரையறோம். வெட்டி ஒட்டினா வளைவா கோட்டு வருது."

மகள் அவரையே பார்த்தாள். "அதேதான்ப்பா. ஆனா ஒரு குறை. ஈர்ப்புல இடக்கை, வலக்கைன்னு ரெண்டு வகை உண்டு. அதுல இடக்கை ஈர்ப்பு மட்டும்தான் சுலபமா வருது. வலக்கைக்கு வழி பிடிபடல."

"ஒரு கை மட்டும் வெச்ச கோட்டா? யாரு போட்டுப்பாங்க?"

"எங்க நிறுவனத்துல எல்லாரும் போட்டிருக்காங்கப்பா" என்றாள் மகள்.

கணிதத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழகான கணிதம். அரைகுறையாக நிற்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளவும் செய்தது. அதற்குப் போய் ஒரு கட்டடம் கட்டி, கட்டடத்துக்கு ஒரு வாசல் வைத்து, வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்களே, கோளாறெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் காலை அந்தக் காவலாளி கேட்டார்: "எங்க போகணும்?"

"இயக்குநர் அறைக்கு."

"அறைன்னு சொல்லக்கூடாதுங்க. இங்க இடம்னு ஒண்ணு கிடையாது. ஒளிக்கதிர்தான் உண்டு. எந்தெந்தக் கதிர் சந்திக்கிற எடத்துக்குப் போறீங்கன்னு இந்தச் சீட்டுல எழுதணும். நாலு சிக்கலெண்."

தையற்காரர் திருதிருவென்று விழித்தார். மகள் கடகடவென்று நான்கு எண்களை எழுதிக் கொடுத்தாள். காவலாளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து முத்திரை குத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கழிவறையைத் தாண்டி, கடைசிக் கதவுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

கடைசிக் கதவு கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. நடைக்கூடத்தின் முனையில், வலப்பக்கம் நாலு எட்டு வைத்தால் கதவு. தையற்காரர் அந்தப் பக்கம் திரும்பக் காலெடுத்தார். மார்புக்கு நேராக ஒரு கயிறு. கயிற்றில் ஒரு பலகை: 'வலப்பக்கம் ஆய்வில் உள்ளது.'

"இப்படித் திரும்பக்கூடாதுப்பா. மூணு தடவை இடது திரும்பிப் போகணும்" என்று மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

இடது திரும்பினார்கள். பழைய நாற்காலிகள் அடுக்கிய கிடங்கு. மறுபடி இடது. தண்ணீர்க் குழாய் ஒழுகும் பின்கட்டு. மறுபடி இடது. மிதிவண்டிகள் நிறுத்தும் கொட்டகை. எதிரே கோப்புகளைச் சுமந்துகொண்டு ஒரு கூட்டமே சுற்றிக்கொண்டிருந்தது. வயதான பேராசிரியர் ஒருவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "முப்பது வருஷமா இதே சுத்துத்தான். ஒரு பக்கத்து இடுப்பு மட்டும் தேஞ்சு போச்சு" என்று, கேட்காமலே சொன்னார்.

நடந்தது இதுதான் என்று மகள் வழியில் சொன்னாள். வலக்கைச் சிக்கல் தீருகிறவரை இந்தக் கட்டடத்தில் யாரும் வலப்பக்கம் திரும்பக்கூடாது என்று நிறுவனர் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னாராம். எல்லாரும் சிரித்தார்களாம். நிறுவனர் காலமானார். வேடிக்கை விதியானது. விதிக்கு ஒரு புத்தகம் அச்சடித்தார்கள், புத்தகத்துக்கு ஒரு பிரிவு திறந்தார்கள், பிரிவுக்கு அறுபது பேரை நியமித்தார்கள். இப்போதைய இயக்குநர் அந்தக் காலத்தில் இளைஞர். தினமும் மூன்று இடது திரும்பித் தன் நாற்காலிக்குப் போனவருக்கு ஒருநாள் பளிச்சென்று உதித்ததாம்: மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது! அதைச் சிக்கலெண்களில் எழுதினார். அதுதான் மூவிடத் தேற்றம். வலக்கைச் சிக்கல் தீர்ந்தது என்று அறிவித்தார்கள்.

"தீந்துபோச்சுன்னா கயிறு எதுக்கு?"

"கயித்தை எடுத்துட்டா அந்த அறுபது பேரும் என்னப்பா பண்ணுவாங்க?"

உள்ளே பதிவாளர் இரண்டு பெரிய ஏடுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நிஜப் பகுதிக்கு இதுல ஒரு கையெழுத்து. கற்பனைப் பகுதிக்கு அதுல ஒண்ணு."

"எங்கிட்ட கற்பனைப் பகுதி எதுவும் இல்லீங்களே" என்றார் தையற்காரர்.

"எல்லார்கிட்டயும் இருக்கு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

விசாரணைக் கூடத்தில் அவருக்கு இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். ஒன்றில் அவர் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார். ஊழியர் ஓடிவந்து பையை எடுத்துத் தரையில் வைத்தார். அது அவருடைய கற்பனைப் பகுதி உட்காரும் நாற்காலியாம். மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நிஜ நாற்காலியும் இல்லை, கற்பனை நாற்காலியும் இல்லை.

குழுவில் ஆறு பேர். ஆறு பேரும் இயக்குநரின் மாணவர்கள், மூவிடத் தேற்றத்தால் முனைவரானவர்கள். இயக்குநர் கனிவான மனிதர். கனிவோடுதான் தொடங்கினார்.

"ஐயா, நான் உங்க பொண்ணோட அஞ்சாவது அத்தியாயத்தைப் படிக்கலை. படிச்சா என் நடுநிலைமை போயிடும். குழுவுலயும் யாரும் படிக்கக்கூடாதுன்னு எழுத்துலயே சொல்லிட்டேன். விசாரணைன்னா அவ்வளவு சுத்தமா இருக்கணும்."

ஆறு தலைகளும் ஆடின.

"உண்மைன்னா என்ன? யோசிங்க. இருபத்தேழு வருஷமா, நூத்திப் பத்துப் பேர் இந்தத் தேற்றத்தை வெச்சுப் பட்டம் வாங்கியிருக்காங்க. வீடு கட்டியிருக்காங்க, பிள்ளைகுட்டி பெத்திருக்காங்க. நூத்திப் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு தப்பைப் பண்ணினா, அது தப்பா? அதுக்குப் பேரு துறை. உங்க பொண்ணு ஒருத்தி மட்டும் சரின்னா அது சரியா? அதுக்குப் பேரு பிடிவாதம். ஒரு தகப்பனா நீங்கதான் எடுத்துச் சொல்லணும். அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துட்டா, நாளைக்கே பட்டம்."

தையற்காரர் மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எடுத்துவிடு என்று சொல்லிவிடலாம்தான், நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் எதை எடுக்கச் சொல்கிறோம் என்று தெரியாமல் அவர் துணியில் கத்தரிக்கோலை வைத்ததில்லை.

"ஐயா, உங்க தேற்றம் என்னன்னு எனக்கு ஒரு வாட்டி சொல்ல முடியுங்களா?"

இயக்குநருக்குப் பரம சந்தோஷம். இருபத்தேழு வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து கூடத்தின் நடுவே வந்தார். இடது பக்கம் ஒரு திரும்பல். இன்னொரு திரும்பல். மூன்றாவது திரும்பலில் கொஞ்சம் தள்ளாடி நின்றார். "இப்ப நான் எந்தப் பக்கம் பாக்கறேன்?"

"முதல்ல உங்களுக்கு வலப்பக்கமா இருந்த பக்கம்."

"அவ்வளவுதான் தேற்றம்! இடத்திலிருந்தே வலம் வந்தாச்சு!" குழு கைதட்டியது.

"வந்தது சரிதாங்க. ஆனா உங்க இடக்கை இன்னும் இடக்கையாத்தானே இருக்கு?"

கைதட்டல் நின்றது. ஒருவர் குனிந்து தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டார்.

தையற்காரர் சட்டைப்பையிலிருந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்தார். தன் கற்பனைப் பகுதி படிக்கட்டும் என்று அவர்கள் மேசைமேல் வைத்திருந்த விதிப் புத்தகத்தின் பின்னட்டையைக் கிழித்தார். கர்ரக், கர்ரக்கென்று கோட்டின் கைக்கான படிவம் ஒன்றை வெட்டினார். அக்குள் பக்கம் முன்னால் குழிவு அதிகம், பின்னால் குறைவு.

"பாருங்க, இது இடக்கை. சுத்தறேன்." மேசைமேல் வைத்து விரலால் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. "இன்னும் இடக்கைதான். சாயங்காலம் வரைக்கும் சுத்தினாலும் இடக்கைதான். வலக்கை வேணும்னா இப்படி." படிவத்தைத் தூக்கிப் புரட்டிப் போட்டார். "சுத்தறது வேற, புரட்டறது வேற. தொழிலுக்கு வந்த முதல் வாரம் எல்லாரும் பண்ற தப்புங்க இது. புரட்ட மறந்துட்டு ரெண்டு இடக்கை வெட்டிடுவாங்க. நானும் வெட்டியிருக்கேன், எங்க முதலாளிகிட்ட அடியும் வாங்கியிருக்கேன். இதைத்தானேம்மா நீ எழுதியிருக்கே?"

மகள் தலையசைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நூற்றுநாற்பது பக்கம் எழுதியிருந்தாள். ஒன்பது வருடத்தில் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, இதுதானே என்று திருப்பிச் சொன்ன முதல் ஆள் அவள் அப்பா.

பதிவாளருக்குத்தான் முதலில் தெளிவு வந்தது. இதற்குத்தானே அவருக்குச் சம்பளம்! எழுந்துபோய் இயக்குநர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. பதிவாளர் திரும்பிவந்து உரக்கச் சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார்:

"ஐந்தாம் அத்தியாயத்தின் மையக் கருத்து தையற்காரர்கள் தொழிலின் முதல் வாரத்திலேயே அறிந்த ஒன்று என்பதை ஆய்வாளரின் தந்தையே குழுவின் முன் செய்து காட்டியுள்ளார். எனவே ஆய்வேட்டில் புதுமை இல்லை. புதுமை இல்லாத ஆய்வுக்குப் பட்டம் வழங்க இயலாது. பதிவு ரத்து. மூவிடத் தேற்றம் பற்றிக் கருத்துக் கூற வேண்டிய தேவை எழவில்லை." பேனாவைத் திருப்பி நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்."

தையற்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே! பெற்ற மகளின் ஒன்பது வருடத்தை, தன் சொந்தக் கத்தரிக்கோலால், நாலு பேர் பார்க்க வெட்டிப் போட்டுவிட்டாரே! மகள் பக்கம் திரும்பவே அவருக்குத் தைரியம் வரவில்லை. கையில் பேனா இருந்தது. எதிரே ஆறு பேரும் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மனிதன் செய்யாத தப்பைச் செய்ததாக எழுதி வாங்கிப் பழகிய முகங்கள்.

பேனாவை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, ஒரு பொய் சொல்லிட்டேன். மன்னிக்கணும்."

"என்ன பொய்?"

"முதல் வாரத்துல எல்லாருக்கும் தெரியும்னேன் இல்லீங்களா? அதெல்லாம் சும்மா. கௌரவத்துக்காகச் சொன்னது. எனக்கே தெரியாது. முப்பத்தஞ்சு வருஷமா நான் ரெண்டு இடக்கைதான் வெட்டிக்கிட்டிருந்தேன். போன மாசம் இவ அந்த அஞ்சாவது அத்தியாயத்தைப் படிச்சுக் காட்டினா. அப்புறம்தான் புரட்டவே கத்துக்கிட்டேன்."

"அப்பா, வேண்டாம்..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரும்மா."

பதிவாளர் சந்தேகத்தோடு பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷமா தைக்கறதா சான்றுல போட்டிருக்கே?"

"தைக்கறேங்க. தப்பாத் தைக்கறேன்."

"போட்டுக்கிட்டவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"கொஞ்ச நாள் முறுக்கிக்கிட்டு இருக்கும். அப்புறம் பழகிடும். இடுப்பு தேயறது பழகல? அந்த மாதிரிதான்."

குழு அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டது. அப்படிப் பழகிப்போகும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இயக்குநர் துள்ளி எழுந்துவிட்டார். "அப்படின்னா... நம்ம நிறுவனத்தோட ஆய்வு, சமூகத்துல ஒரு தொழிலையே திருத்தியிருக்கு! பயன்பாடு இல்ல, பயன்பாடு இல்லன்னு அறுபது வருஷமா நம்மளைக் கேட்டாங்களே! இதோ, பயன்பாடு உட்கார்ந்திருக்கு!" என்று தையற்காரரைக் காட்டினார். காட்டியது கற்பனைப் பகுதியின் நாற்காலியை. அதை யாரும் திருத்தவில்லை.

குறிப்பேட்டில் பழைய பக்கம் கிழிக்கப்பட்டது. புதிதாக எழுதினார்கள்: ஐந்தாம் அத்தியாயம் மூவிடத் தேற்றத்தின் சிறப்பான நீட்சி, முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தவறாகத் தைத்துவந்த ஒருவர் அதனால் திருந்தியுள்ளார், பட்டம் வழங்கப்படுகிறது. அத்தியாயத்தில் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. மாற்றச் சொல்ல வேண்டுமென்றால் யாராவது படித்திருக்க வேண்டும். தேற்றம் தப்பு என்று சொல்லும் அத்தியாயத்துக்கு, தேற்றத்தைக் கண்டுபிடித்தவரே கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தையற்காரரும் போட்டார்.

வெளியே வந்ததும் மகள் அழுதாள். "உங்க பேரு போயிடுச்சேப்பா."

"பேரை வெச்சுத் துணியா தைக்கப் போறேன்? கிளம்பு, வேலைக்குப் போற வழியைப் பாரு" என்றார்.

அதற்குப்பின் இரண்டு வாரத்தில் நிறுவனம் ஓர் அழகான பிரசுரம் வெளியிட்டது. வழவழப்பான தாள். 'திருகுவெளியால் திருந்திய தையற்காரர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவருடைய படம், கடையின் படம், நடுவில் இயக்குநரின் பெரிய படம். கடைத்தெரு முழுக்க வீடுவீடாகக் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவர் வங்கி மேலாளர். பன்னிரண்டு வருடமாக இவரிடமே கோட்டுத் தைப்பவர். வந்தபோதும் இவர் தைத்த கோட்டைத்தான் போட்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார், மடக்கினார், முகம் சுளித்தார்.

"நல்லாத்தான் இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா அவ்வளவு பெரிய நிறுவனம், ஆராய்ச்சி பண்ணிப் போட்டிருக்காங்களே."

உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகள் விடுவிடுவென்று வெளியே வந்தாள். வாயைத் திறந்தாள். அப்பா ஒரு பார்வை பார்த்தார். புது ஊரில் அவள் வேலைக்குச் சேர இன்னும் நாலு நாள் இருந்தது. இந்தக் கோட்டு சரியென்றால் அந்தச் சாட்சி பொய், சாட்சி பொய்யென்றால் பட்டமும் போச்சு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க, தப்பாத்தான் தச்சிருக்கேன். கழட்டிக் குடுங்க. புரட்டித் தச்சுத் தரேன்" என்றார் தையற்காரர்.

மேலாளர் வெறும் சட்டையோடு, திருப்தியாகப் போனார். தையற்காரர் கோட்டை ஆணியில் மாட்டினார். அந்த வாரத்துக்குள் பதினொரு கோட்டுகள் வந்து சேர்ந்தன. எதையும் அவர் பிரிக்கவில்லை, ஊசியால் தொடவும் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது மனைவி ஏன் என்று கேட்கவில்லை.

மகள் புது ஊருக்குப் போன மறுநாள் மேலாளர் வந்தார். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் நீட்டினார், மடக்கினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? இப்பத்தான் கை கையாட்டம் இருக்கு! பன்னெண்டு வருஷமா எப்படி இதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேனோ. எப்படியும் படிச்சவங்க படிச்சவங்கதான்."

"ஆமாங்க" என்றார் தையற்காரர். மேலாளரின் தோளில் ஒட்டியிராத ஒரு நூலை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அடுத்த கோட்டை ஆணியிலிருந்து இறக்கினார்.